எந்த வரியில் எழுந்தீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

"எழுத உட்கார்ந்தால் உங்களை எழுப்பிவிடுவது எது?" என்று சென்ற இதழில் ஒரு வரி கேட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், எழுத முடியாததைப் பற்றி எழுத மட்டும் யாருக்கும் எந்தத் தடையும் இருந்ததாகத் தெரியவில்லை. நாலு பக்கம், ஐந்து பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்! சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். எதற்கு வம்பு என்று எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன். கேள்விகளையும் சுருக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து சிறுகதை எழுதுவது என்று முடிவு செய்தேன். அலாரம் போனில்தான் இருக்கிறது. அதை நிறுத்தக் கையில் எடுத்தால் ஆறு மணிக்குத்தான் கீழே வைக்கிறேன். எனக்கு மன உறுதியே கிடையாதோ?
– மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகர்

மன உறுதி இருக்கட்டும் தம்பி, முதலில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். முள் வைத்தது, பேட்டரி போடுவது, மணி பார்ப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதது. ஐந்து மணிக்குக் கண் பாதி திறந்திருக்கும்போது, ராத்திரி முழுக்க ஊரார் போட்டு வைத்ததையெல்லாம் கையில் கொடுத்துவிட்டு, "பார்க்காதே" என்றால் யாரால் முடியும்? என்னால் முடியாது.

2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லோருடைய போனையும் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லி, சிலருக்கு மேசைமேல், சிலருக்குச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ, சிலருக்குப் பக்கத்து அறையில் என்று பிரித்தார்கள். பிறகு நினைவாற்றலுக்கும் யோசிக்கும் திறனுக்கும் தேர்வு வைத்தார்கள். பக்கத்து அறையில் போனை விட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், மேசைமேல் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். போன் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை என்பதுதான் விசேஷம். பின்னால் இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே முடிவு கிடைத்துவிடவில்லை. அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு "நான் பார்க்கவில்லையே" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த முதுகையாவது பார்த்துக்கொள்கிறார்கள்.

என் போன் ராத்திரியே சார்ஜரோடு கூடத்துக்குப் போய்விடும். "ஏதாவது அவசரம் என்றால்?" என்று உடனே கேட்பீர்கள். வீட்டு மனிதர்களின் எண்கள் மட்டும் ஒலிக்கும்படி பெரும்பாலான போன்களில் வைக்கலாம். நிஜமான அவசரம் போன் அடிக்கும். வாட்ஸ்அப்பில் வருவது காத்திருக்கும்.

நீங்கள் போனைத் தூர வை என்கிறீர்கள். நான் போனில்தான் எழுதுகிறேன். கணினி கிடையாது. பேருந்தில் போகும்போது கட்டைவிரலால் தட்டித்தான் ஒரு குறுநாவலே முடித்திருக்கிறேன். எனக்கு என்ன வழி?
– பெயர் வேண்டாம் என்றவர்

வழி கேட்கிற இடத்திலா இருக்கிறீர்கள்? நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இருந்தாலும் இரண்டு விஷயம். எழுதுகிற செயலியை முகப்புத் திரையில் தனியாக வையுங்கள். மற்றதையெல்லாம் இரண்டாவது, மூன்றாவது திரைக்குத் தள்ளிவிடுங்கள். கை பழக்கத்தில் ஓர் இடத்துக்குப் போய்த் தட்டும், அங்கே உங்கள் கதை இருக்கட்டும். அப்புறம், ஏறி உட்கார்ந்ததும் டேட்டாவை அணைத்துவிடுங்கள். எழுத நெட் தேவையில்லை. இணையத்தில் சேமிக்கிற செயலியாக இருந்தால், இறங்கியதும் போட்டுக்கொண்டால் எழுதியது தானாகப் போய்ச் சேமிப்பாகிவிடும். குரலால் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் சில போன்களில் நெட் வேண்டியிருக்கும். பேருந்தில் அதைச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். காதல் காட்சியை உரக்கச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கவே மாட்டார்.

இரண்டு சின்னக் குழந்தைகள். உட்கார்ந்து ஒரு வரி எழுதுவதற்குள் "அம்மா" என்று வந்து நிற்கிறார்கள். கவனச்சிதறலை வெல்வது எப்படி என்று படிக்கிற கட்டுரையெல்லாம் "அறைக் கதவைப் பூட்டிக்கொள்" என்கிறது. எங்கள் வீட்டில் கதவைப் பூட்டினால் அழுகைதான் அதிகமாகும்.
– இல்லத்தரசி

அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களின் குழந்தைகளை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் அம்மா, விட்டுத்தள்ளுங்கள். குழந்தை வந்து கூப்பிடுவதைக் கவனச்சிதறல் என்று நான் எண்ணுவதில்லை. அது நடுவில் வருகிற இன்னொரு வேலை. வேலையைத் தடுக்க முடியாது. போய்விட்டுத் திரும்பி வருவதைத்தான் சுலபமாக்க முடியும்.

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பொதுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார் என்றும், சட்டென்று மறைக்க வசதியாகச் சின்னச் சின்னத் தாள்களில் எழுதினார் என்றும், யாராவது வந்தால் கிரீச்சிட்டுக் காட்டிக்கொடுத்த கதவுக்கு எண்ணெய் போட அவர் விடவில்லை என்றும் அவருடைய அண்ணன் மகன் எழுதி வைத்திருக்கிறார். இதை எல்லோரும் அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தச் சின்னத் தாள்தான். எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்க நேரும் என்று தெரிந்தவர் அதற்கேற்றபடி காகிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற மேலாண்மைத் துறை ஆய்வாளர் 2009-இல் எழுதினார். குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டே கதாநாயகி என்ன சொல்வாள் என்று யோசிப்பீர்களே, அதுதான். சீப்பு காதில் இடிக்கும், குழந்தை கத்தும். அவரே இன்னொருவரோடு சேர்ந்து 2018-இல் இதற்கு ஒரு மருந்தும் சொன்னார்: எழுந்திருக்கும் முன் எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதிவிட்டுப் போனால், போகிற வேலையில் மனம் முழுதாக நிற்கிறது.

நான் இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாமலே பல வருடமாகச் செய்வது இதுதான். ஒரு குறிப்பைக் காட்டுகிறேன்: "அக்கா சாவி தேடுகிறாள். தம்பிக்கு இடம் தெரியும். சொல்லவில்லை. அடுத்து – அவன் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும். அவன் கையில் வேலை கொடு." அவ்வளவுதான். "கதையைத் தொடரவும்" என்று எழுதி வைத்தால் எதற்கும் ஆகாது. அரை மணி கழித்து வந்தால் அது எதையும் சொல்லாது. "அவன் கையில் வேலை கொடு" என்பதைப் பார்த்தவுடன் கை தானாக எழுத ஆரம்பிக்கும். தம்பி செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான் என்று போட்டேன்.

குறிப்பு எழுத இருபது நொடி ஆகும். "இதோ வர்றேன் கண்ணா" என்று சொல்லிக்கொண்டே எழுதிவிடலாம்.

புதுப் பேனா, நல்ல நோட்டு, மேசைவிளக்கு எல்லாம் வாங்கிவிட்டேன். எழுதுவதற்கென்றே ஒரு செயலியும் சந்தா கட்டி வைத்திருக்கிறேன். இன்னும் என்ன வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

முதல் வரி.

பத்து வருடமாக எழுதுகிறேன். யாரும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. தனி அறை, நிறைய நேரம், எல்லாம் உண்டு. ஆனாலும் நானே எழுந்து போய்விடுகிறேன். தண்ணீர் குடிக்க, துணி மடிக்க, காலண்டரில் தேதி கிழிக்க. என்னை நானே தொந்தரவு செய்வதற்கு என்ன வைத்தியம்?
– நாவலாசிரியை

இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. மற்றவர்கள் போன், குழந்தை, பக்கத்து வீடு என்று யாரையாவது கைகாட்ட முடிகிறது. உங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எண்ண வேண்டாம், எங்கே எழுந்தீர்கள் என்று பாருங்கள். நான் கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவேன். எழுந்திருக்கத் தோன்றிய நொடியில், எந்த வரியில் இருக்கிறேனோ அந்த வரிக்கு நேராக. எழுந்திருக்கத் தடை ஒன்றும் இல்லை. குறியைப் போட்டுவிட்டுத் தாராளமாகப் போகலாம். கணினியில் எழுதுகிறவர்கள் வரி முடிவில் ஒரு குறியைத் தட்டிவிட்டுப் போங்கள், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தாள்களைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கும். குறிகள் பக்கம் முழுக்கப் பரவி இருக்காது. இரண்டு பக்கம் சுத்தமாகப் போகும், திடீரென்று ஓரிடத்தில் நாலைந்து குறி மொய்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு கதையைச் சொல்கிறேன். இறந்துபோன அப்பாவின் அலமாரியை இரண்டு சகோதரிகள் காலி செய்கிறார்கள். மேல் தட்டு, நடுத்தட்டு எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். சட்டைகள், பழைய ரசீதுகள், காது உடைந்த மூக்குக்கண்ணாடி. மூத்தவள் குனிந்து அடித்தட்டு இழுப்பறையின் கைப்பிடியைப் பிடிக்கிறாள். அந்த வரியில் குறிகள் மொய்த்திருந்தன. அந்த வரிக்கு வந்தபோதெல்லாம் எனக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஞாபகம் வந்திருக்கிறது. பாவம், அந்தச் செடி வேர் அழுகிச் செத்தது.

இழுப்பறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதுதான் விஷயம். தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை. மனம் அதை "தெரியவில்லை" என்று நேராகச் சொல்லாது. "தாகமாக இருக்கிறது" என்று சொல்லும்.

காரணம் தெரிந்தபிறகு செய்ய வேண்டியது சின்ன வேலை. தனித்தாள் எடுத்து, உள்ளே என்னவெல்லாம் இருக்கலாம் என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். கடிதம் (எல்லாக் கதையிலும் கடிதம்தான் இருக்கிறது, அடித்தேன்), புகைப்படம் (அதேதான், அடித்தேன்), பணம், பல்செட், காலி. கடைசியில் ஒரு சாவிக்கொத்து வந்தது, அந்த வீட்டில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிகள். அதற்குப்பிறகு கதை முடிகிறவரை அந்தத் தாள்களின் ஓரம் சுத்தம்.

உங்கள் நாவலிலும் அப்படி ஏதோ இழுப்பறை இருக்கும். வேறு மாதிரியும் மொய்க்கலாம். இருவர் சண்டை போடும் இடத்தில் எழுந்தால், ஒருவர் பக்க நியாயம் மட்டுமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நாள் விட்டு நாள் நகர்த்தும் இடத்தில், "மறுநாள் காலை" என்று ஆரம்பிக்கும் பத்தியில் எழுந்தால், அந்தப் பத்தியே தேவையில்லையோ என்னவோ. எழுதுகிற உங்களுக்கே அலுத்தால் படிக்கிறவர் என்ன பாவம் செய்தார்? தூக்கிவிடுங்கள். தெரிந்தவர்களைப் பற்றிய உண்மை ஏதாவது வெளியே வரப்போகும் வரியில் எழுந்தால் அது பயம். அதற்குப் பென்சில் வைத்தியம் பலிக்காது. அந்த நபர் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்து, எழுதுவதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் தொடர முடியும்.

குறிகள் எங்கேயும் மொய்க்காமல் பரவலாக இருந்தால்? ராத்திரி தூக்கம் போதவில்லை. போய்ப் படுங்கள்.

பக்கத்து வீட்டில் தரையை இடித்துப் புதுசாகப் போடுகிறார்கள். காலை முதல் மாலை வரை டிரில்லிங் மெஷின். எழுத்தாளனுக்கு அமைதி வேண்டாமா?
– கவிஞர்

வேண்டும்தான். ஆனால் அதைத் தேடிப் போனவர்களின் கதை உற்சாகம் தருவதாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் தாமஸ் கார்லைல் லண்டனில் செல்ஸி பகுதியில் இருந்தார். அண்டை வீட்டுச் சேவல்களும் பியானோவும் அவர் உயிரை எடுத்தன. 1853-இல் வீட்டின் உச்சியில் சத்தமே நுழையாத ஓர் அறை கட்ட ஏற்பாடு செய்தார். இரட்டைச் சுவர், வெளிச்சத்துக்குக் கூரைக் கண்ணாடி. கட்டி முடித்து உள்ளே போய் உட்கார்ந்தால், பக்கத்துச் சத்தம் கொஞ்சம் குறைந்து, அதுவரை காதில் விழாத தூரத்துச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. ஆனாலும் பல வருடம் அதே அறையில் உட்கார்ந்துதான் பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். எழுதினாரே தவிர, சத்தத்தைத் திட்டுவதை நிறுத்தவில்லை. பத்து வருடம் கழித்து, தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களைக் கட்டுப்படுத்தக் கோரி சார்லஸ் டிக்கன்ஸும் மற்றவர்களும் போட்ட கையெழுத்திலும் அவர் இருந்தார்.

சத்தத்தில் ரகம் உண்டு. எழுத்துக்குப் பெரிய எதிரி மனிதப் பேச்சு, அதுவும் நமக்குப் புரிகிற மொழியில் வருவது. மூளை அதைக் கேட்க மாட்டேன் என்று மறுக்காது, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்து வைக்கும். பக்கத்து அறை டிவியில் மெதுவாக ஓடும் செய்தி, டிரில்லிங் மெஷினைவிடக் கெடுதல். மெஷின் தலைவலிதான் தரும். செய்தி வாசிப்பவர் உங்கள் வாக்கியத்துக்கே வந்துவிடுவார். பாட்டுக் கேட்டுக்கொண்டு எழுதுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: வார்த்தை இல்லாத இசையாக இருக்கட்டும்.

மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். சீரான இரைச்சல் ஒன்று அருகில் இருந்தால் தூரத்துச் சத்தம் அமுங்கும். கவிதைத் தாள்கள் பறக்கும், அதன்மேல் ஏதாவது கனமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் எத்தனை நாள் வேலை என்று கேட்டுவிடுங்கள். முடிகிற தேதி தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்தான்.

என் கதையில் ஒருவர் தந்தி அனுப்புகிறார். அந்தக் காலத்தில் எப்படி அனுப்பினார்கள் என்று பார்க்கத்தான் நெட்டைத் திறந்தேன். தந்திக் குறியீட்டுக்குப் பெயர் தந்த மோர்ஸ் முதலில் ஓவியராக இருந்தாராமே! 1858-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட கேபிள் மூன்றே வாரத்தில் செத்துப்போனதாமே! நள்ளிரவு ஆகிவிட்டது. தந்தி இன்னும் அனுப்பப்படவில்லை.
– வரலாற்றுக் கதைகள் எழுதுபவர்

படித்ததை நீங்கள் சொல்லும் அழகைப் பார்த்தால் அந்த இரவு வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் உங்கள் கதாபாத்திரத்துக்கு மோர்ஸ் எதற்கு? தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அதுதான் அவருக்குத் தெரியும். அதனால் "அன்புள்ள" இருக்காது, "நலமா" இருக்காது. வார்த்தையை எண்ணி எண்ணி வெட்டும்போது அவர் எதை விட மனமில்லாமல் வைத்துக்கொள்கிறார்? கதை அங்கே இருக்கிறது, அதற்கு நெட் வேண்டாம்.

எழுதும்போது தெரியாத விவரம் வந்தால் நான் இரண்டு ஆய்த எழுத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன், இப்படி: "அவர் ஃஃ மணி ரயிலைப் பிடித்தார்." பழைய செய்யுளில் அளபெடைக்காக வந்தால் உண்டு, இன்றைய உரைநடையில் எந்தச் சொல்லிலும் ஆய்தம் இரட்டித்து வராது. அதனால் கதை முடிந்ததும் கணினியில் ஃஃ என்று தேடினால் விட்ட இடங்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். அப்போது உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்து நிரப்பலாம். பாதி இடங்களில் அந்த விவரமே வேண்டாம் என்று தோன்றும். "அவர் ரயிலைப் பிடித்தார்" போதும்.

இருபத்தைந்து நிமிடம் எழுது, ஐந்து நிமிடம் ஓய்வெடு என்கிறார்களே, பொமோடோரோ முறை, அது எனக்கு ஒத்துவரவில்லை. சரியாகச் சூடு பிடிக்கும்போது மணி அடித்துக் கெடுத்துவிடுகிறது.
– கல்லூரி மாணவி

அடிக்கட்டும், நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நிற்காமல் தவித்துக் கண்டுபிடித்த வழி அது. தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை முறுக்கி வைத்துக்கொண்டு படித்தார். பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. உட்காரவே முடியாதவரை உட்கார வைப்பதில் அது கெட்டிக்காரத்தனமான முறை. உட்கார்ந்து ஓட ஆரம்பித்தவரை நிறுத்த அதற்கு என்ன அதிகாரம்?

கடிகாரத்தை நன்றாகப் பயன்படுத்தியவர் என்று எனக்குத் தோன்றுவது அந்தோணி டிராலப். தபால் துறையில் பல வருடம் பெரிய வேலை பார்த்தவர், மொத்தம் நாற்பத்தேழு நாவல் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிவிடுவதற்காகவே வேலையாளுக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கைக்கடிகாரம் பரவாத காலம், பையில் வைக்கும் கடிகாரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். இதையெல்லோரும் சொல்வார்கள். முதல் அரை மணி நேரம் அவர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை, முந்தின நாள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த அரை மணியைப் பாருங்கள். படிக்க ஆரம்பித்து ஒரு சொல்லைத் திருத்தினால் போதும், அப்புறம் யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

250 சொல் கணக்கை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். தமிழில் ஒரு சொல்லுக்குள் ஆங்கிலத்தின் மூன்று சொல் அடங்கிவிடும்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கவனச்சிதறலில் சேருமா?
– பெயர் போடாத அஞ்சல் அட்டை

சேராது. கையில் போன் இல்லாதவரை.

நான் எழுதும்போது வீட்டில் எல்லோரும் "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இதைக் கொஞ்சம் பிடி" என்கிறார்கள். எழுத்து ஒரு வேலை என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வங்கி ஊழியர்

புரியவைக்க முடியாது. எனக்கும் முடியவில்லை, வார இதழில் தொடர்கதை வந்துகொண்டிருந்த காலத்திலேயே. என் வீட்டுக்காரர் அத்தியாயத்தை விடாமல் படிப்பார். அதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்பார்.

"என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்பதற்கு முடிவு கிடையாது. அதனால்தான் யாரும் அதை மதிப்பதில்லை. "ஏழு மணிக்கு எழுந்திருப்பேன், அப்புறம் பிடிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏழு மணிக்குப் பேனா ஓடிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும், அது முக்கியம். கொஞ்ச நாள் நீங்கள் சொன்னபடி எழுந்து போனால், ஆறே முக்காலுக்கு வருகிறவர் தானே கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். எழுத்துக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காத்திருந்தால் வேலை நடக்கும் என்று தெரிந்துகொண்டார், அவ்வளவே.

ஃபேஸ்புக்கில் கவிதை போட்டால் அன்று முழுவதும் வேறெதுவும் ஓடுவதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
– இளங்கவிஞர்

காலையில் போடாதீர்கள். அன்றைக்கு எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு, ராத்திரி படுக்கப் போகும் முன் போடுங்கள். நீங்கள் தூங்கும்போது பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும். திட்டுகிறவர்களுக்கும் நேரம் கிடைக்கட்டும்.

உடம்பு சரியில்லாமல் போனது, அப்புறம் வீடு மாற்றினோம், அப்புறம் ஏதேதோ. தினமும் எழுதிக்கொண்டிருந்த வழக்கம் விட்டுப்போய் மாதக்கணக்காகிவிட்டது. நாவல் பாதியில் நிற்கிறது. முதலிலிருந்து படித்துவிட்டுத் தொடரலாம் என்று மூன்றாவது அத்தியாயத்தோடு நிற்கிறேன். எல்லாமே குப்பையாகத் தெரிகிறது.
– பெயர் வேண்டாம் என்ற இன்னொருவர்

முதலிலிருந்து படித்தால் அப்படித்தான் தெரியும். அதை எழுதிய ஆள் வேறு, இப்போது படிக்கிற ஆள் வேறு. அந்த ஆள் மேல் உங்களுக்கு இப்போது இரக்கமே இருக்காது. நாவலைத் திருத்தும் நாள் வரும்போது அந்தக் கண் உதவும், இப்போது வேண்டாம்.

கடைசியாக எழுதிய பக்கத்தை மட்டும் எடுங்கள். அதற்கு முந்தியதைக் கிளிப் போட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தக் கடைசிப் பக்கத்தைப் புதுத்தாளில் அப்படியே பார்த்து எழுதுங்கள். திருத்த வேண்டாம், காப்பி அடிக்கிற மாதிரிதான். பக்கம் முடிகிற இடத்தில் பெரும்பாலும் கை நிற்காது, ஒரு வரி கூடுதலாகப் போய்விடும். போகாவிட்டால் மறுநாளும் அதே பக்கத்தையே பார்த்து எழுதுங்கள். நேரத்தையும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நோயிலிருந்து எழுந்தவரைப் பழைய மாதிரி மூன்று மணி நேரம் உட்காரச் சொன்னால் உடம்பு கேட்காது. கால் மணி போதும்.

நாவலின் பெயரை மாற்றலாமா, கதாநாயகனைப் பெண்ணாக்கலாமா, தன்மை ஒருமையில் சொன்னால் எப்படி இருக்கும் என்றெல்லாம் இந்த நேரத்தில்தான் பிரமாதமான யோசனைகள் வரும். ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்தக் கிளிப்பிலேயே செருகிவிட்டு, கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள்.

*அடுத்த இதழில் உரையாடல் எழுதுவது பற்றிக் கேட்கலாம். கேள்வி ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், முழுக்கதையையும் இணைத்து அனுப்ப வேண்டாம்.*